பாயிண்ட் எண்பத்தைந்து

ஆறுமுகநேரி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டியின் வீட்டில் மார்க் என்றால் அது பள்ளிக்கூடத்து மார்க் அல்ல. மாதத்துக்கு ஒரு தடவை மகள் முத்துச்செல்வியின் ரத்தத்தைச் சோதித்து லேப்காரர்கள் அனுப்புகிற, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எண்தான் அங்கே மார்க். மற்ற வீடுகளில் மார்க் கூடினால் பாயசம் வைப்பார்கள். இந்த வீட்டில் கூடினால் அடுப்பே எரியாது, குறைந்தால்தான் கொண்டாட்டம். 'பாயிண்ட் ஒன்பது' என்று வருகிற மாதமெல்லாம் தங்கப்பாண்டி, குடம் வாங்க வந்தவரா கரண்டி வாங்க வந்தவரா என்று பார்க்காமல், "பிள்ளைக்கு இந்த மாசமும் பாயிண்ட் ஒம்பதுதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவார். வந்தவர்களும் தலையும் புரியாமல் வாலும் புரியாமல், "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த எண்ணைப் பெற்றெடுத்தவள் சண்முகவடிவு. பெற்றெடுத்தவள் என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தை மாதத்தில், மதுரை ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது சிறுநீரகத்தை எடுத்துத்தான் மகளுக்கு வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வருடம் பிள்ளை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடந்தாள். குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுத்த காலம் அது. இப்போது அப்படியே தலைகீழ். மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும், குடிக்காவிட்டால் ஏச்சு. காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் சண்முகவடிவு மாத்திரையோடு பிள்ளை பின்னாலேயே ஓடுவாள்.

இத்தனை கண்ணும் கருத்துமாக இருந்த வீட்டில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பில் பாதியை மெஷின் தின்றுவிட்டது. ஆறாம் வகுப்பு முழுவதையும் அதே மெஷினும் ஆபரேஷனும் அதற்குப் பிறகு வந்த காய்ச்சல்களும் தின்றுவிட்டன. ஏழாம் வகுப்புக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள், பாதி நாள்தான் போனாள். எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்தக் கூடாது என்பதால் பள்ளிக்கூடம் அவளை வருடா வருடம் மேலே ஏற்றிவிட்டது. பிள்ளை உயிரோடு சீருடை போட்டுக்கொண்டு வாசல் தாண்டிப் போகிறாளே, அதுவே பெரிய படிப்பு என்று சண்முகவடிவு நினைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் எட்டாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்தில் அவள் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதலூரில் இருந்து மஸ்கோத் அல்வா ஒரு கிலோ வரவழைத்து, அதைத் தூக்கிக்கொண்டு கணக்கு டீச்சர் சீனித்தாயைப் பார்க்கப் போனாள். சீனித்தாய் டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் வராண்டாவின் அந்தக் கோடியிலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். இருபது வருடமாகச் சிவப்புப் பேனா தவிர வேறு பேனா தொடாதவர்.

"டீச்சர், எம் பிள்ளைய ஏசிராதீங்க. அவ உள்ள இருக்கது என் கிட்னி. பிள்ளை கலங்குனா அதுவும் கலங்கும்" என்றாள் சண்முகவடிவு.

"அப்படில்லாம் ஆகாதும்மா. நல்லாப் படிக்கட்டும்."

"தப்பா எழுதினாலும் செவப்பு மையால அடிக்காதீங்க. நாலு மார்க்கு கூடப் போட்டா நம்ம சொத்தா கரையப் போவுது? எத்தன ஊசியப் பாத்த பிள்ளை. ஒரு நல்ல மார்க்கப் பாத்துட்டுப் போட்டுமே."

டீச்சர் அல்வாவை ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் பங்குவைத்துவிட்டார். தனக்கு ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாத்திரையில் முகம் உப்பிப்போன அந்தப் பிள்ளை, இடைவேளையில் எல்லாரும் ஓடி விளையாட, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவர் பேனா மழுங்கியது. காலாண்டில் எழுபத்தெட்டு போட்டார். அரையாண்டில் எண்பத்தொன்று போட்டார். தங்கப்பாண்டி மதிப்பெண் அட்டையைக் கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே நிற்கவைத்தார். இரக்கமும் உப்பு மாதிரிதான். இத்தனை உப்பளத்துக்கு நடுவே இருக்கிற ஊருக்கு அது தெரியாமல் போனதுதான் வேடிக்கை. அளவு கூடினால் சோறு வாயில் வைக்க விளங்காது.

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மத்தியானச் சோறு இறக்கும் நேரத்தில் ரிசல்ட் செல்போனுக்கு வந்தது. பஜார் லேப்பில் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார்கள். பழைய மெஷின் புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு எண்தான் சொல்லும். புது மெஷின் கொஞ்சம் படித்த மெஷின், இரண்டு எண் சொன்னது. 0.85.

சண்முகவடிவு இரண்டு வருடமாகப் பார்த்த எண் ஒன்பது. எப்போதாவது எட்டு. இப்போது எண்பத்தைந்து. பக்கத்திலேயே இவ்வளவில் இருந்து இவ்வளவு வரை இருக்கலாம் என்று அச்சடித்துத்தான் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? தங்கப்பாண்டி கும்பகோணத்துக்குக் குத்துவிளக்குக் கொள்முதலுக்குப் போயிருந்தார். பிரஷர்காரர், போனில் சொன்னால் அங்கேயே சாய்ந்துவிடுவார் என்று அவரை அழைக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜெர்சனுக்கு மூன்று தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. அவளோ எட்டாம் வகுப்போடு நின்றவள், கணக்கு என்றாலே காத தூரம் ஓடியவள். வீட்டில் கணக்குப் புலி ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏளா செல்வி, இங்கன வா. இதப் பாரு. போன மாசம் ஒம்பது, இப்பம் எம்பத்தஞ்சு. கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?"

முத்துச்செல்வி போனை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "எம்பத்தஞ்சுதான் பெருசு. கூடியிருக்கும்மா."

"நல்லாப் பாத்தியா? முன்னால புள்ளி இருக்குல்லா."

"ரெண்டுலயுந்தான் புள்ளி இருக்கு. புள்ளிக்குப் புள்ளி சரியாப் போச்சு. மிச்சம் ஒம்பதும் எம்பத்தஞ்சுந்தான்."

எண்பத்தொன்று வாங்கிய பிள்ளையின் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் ஏது? வடித்த சோறு வடித்தபடி கிடந்தது. எப்போதும் கட்டிவைத்திருக்கும் ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கினாள். தங்கப்பாண்டியின் சித்தப்பா மகன் ராஜபாண்டி வாடகைக்கார் ஓட்டுகிறவன். கால் மணி நேரத்தில் வாசலில் வந்து நின்றான்.

தூத்துக்குடி தாண்டும் வரைக்கும் சண்முகவடிவு மனதுக்குள் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ந்து முடிந்ததும் தன் சிறுநீரகத்தோடு சண்டைக்குப் போனாள். என் வயிற்றில் முப்பத்தாறு வருடம் வாய் திறக்காமல் இருந்தாயே, என் பிள்ளையிடம் போய் உனக்கு என்ன கேடு வந்தது? உப்பைக் குறைத்தேன், உன்னைத் தண்ணீரில் மிதக்கவைத்தேன், இதற்கு மேல் உனக்கு என்ன செய்ய? பக்கத்தில் முத்துச்செல்வி, அந்தச் சிறுநீரகம் இருக்கும் வலப்பக்க அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தாள். மறுபடியும் மெஷினா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் தாயை அறுத்தது.

எட்டயபுரம் தாண்டியதும் போன் அடித்தது. ஜெர்சன். மணப்பாட்டுக்காரன் என்பதால் அவனிடம் நம் ஊர்ப் பேச்சே பேசலாம். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் வார்டுல நின்னேன், போன் கையில இல்ல. என்ன விஷயம்?"

"பிள்ளைக்கு ஏறிப்போச்சு தம்பி. வந்துக்கிட்டே இருக்கோம். எட்டயபுரம் தாண்டியாச்சு."

"எவ்வளவு காட்டுது?"

"பாயிண்ட் எம்பத்தஞ்சு."

"போன மாசம்?"

"பாயிண்ட் ஒம்பது."

"அக்கா, முதல்ல வண்டிய ஓரமா நிப்பாட்டச் சொல்லுங்க."

ராஜபாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். சண்முகவடிவு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாயிண்ட் ஒம்பதுன்னா பாயிண்ட் தொண்ணூறுக்கா" என்றான் ஜெர்சன். "பின்னால ஒரு சைபர் இருக்கு, எழுதல, அவ்வளவுதான். தொண்ணூறா இருந்தது எம்பத்தஞ்சு ஆயிருக்கு. கொறஞ்சிருக்குக்கா. பிள்ளை நல்லா இருக்கா. வண்டியத் திருப்பி வீட்டுக்குப் போங்க."

ராஜபாண்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். "நல்ல ரிசல்ட் வந்ததுக்குக் கார் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுன ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்திதான் மதினி." சண்முகவடிவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முருகனுக்கு ஒரு கும்பிடும், சற்று முன்பு திட்டுவாங்கிய சிறுநீரகத்துக்கு ஒரு கும்பிடும் போட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு, பிளாஸ்க்கில் இருந்து வெந்நீர் ஊற்றி மகளிடம் நீட்டினாள்.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை.

"எம்மா, நான் கணக்குல எம்பத்தொண்ணுல்லா. எனக்கு எப்படி இது தெரியாமப் போச்சு?"

"பதட்டத்துல தெரிஞ்சிருக்காது. விடு."

"பதட்டம் இல்ல. அரையாண்டுலயே இதே மாதிரி ஒரு கணக்கு வந்துச்சு. எது பெருசுன்னு. நான் இப்படித்தான் எழுதியிருந்தேன். டீச்சர் சரின்னு டிக் போட்டிருந்தாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மறைக்கச் சோறாவது வேண்டுமே. சண்முகவடிவிடம் அன்றைக்கு ஒரு பருக்கை மிச்சமில்லை. அல்வா வாங்கிக்கொண்டு போனதில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ராஜபாண்டி நாசூக்காக இறங்கிப்போய் டயரைத் தட்டிப் பார்த்தான்.

மகள் கத்துவாள் என்று நினைத்தாள். கத்தவில்லை. தாய் நீட்டிய தண்ணீரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பம் நான் பள்ளிக்கூடத்துக்கே போகலம்மா" என்றாள். "சும்மா போயி உக்காந்துட்டு வந்திருக்கேன். ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்ததுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இடுப்பில் இருந்த வலி சண்முகவடிவுக்கு நினைவிருக்கிறது. இது அதைவிட வலித்தது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம் என்கிற சமாதானம் ஒன்றுக்கும் உதவவில்லை. தூத்துக்குடியில் இருந்து வீடு வந்து சேரும்வரை வழியெங்கும் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை முத்துச்செல்வி இரண்டு பரீட்சைப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு போனாள். போய் டீச்சர் மேஜையில் வைத்து, "திரும்பத் திருத்துங்க டீச்சர், எல்லாருக்கும் திருத்துத மாதிரி. இனி ஒரு மார்க்கு சும்மா போடக் கூடாது" என்றாளாம். டீச்சர் தாயைக் கூப்பிட்டனுப்பினார். சண்முகவடிவு போய் நிற்கும்போது பேப்பர் திருத்தி முடிந்திருந்தது. எண்பத்தொன்று இருந்த இடத்தில் பத்தொன்பது இருந்தது.

"நீங்க கேட்டது தப்பு, நான் செஞ்சது அதவிடப் பெரிய தப்பு" என்றார் டீச்சர். "மத்த எந்தப் பிள்ளையா இருந்தாலும் ஜூலையிலேயே பிடிச்சு உக்காரவச்சு தசமம் சொல்லிக்கொடுத்திருப்பேன். இவளுக்கு மார்க்கு கொடுத்துட்டு, பாடத்தக் கொடுக்காம விட்டுட்டேன்."

முத்துச்செல்வி பத்தொன்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் பேப்பரில் விழுந்து மையைக் கரைத்தது. அதைப் பாவாடையில் ஒற்றிவிட்டு ஒரு தீர்ப்பு சொன்னாள். "முழுப் பரீட்சையில முப்பத்தஞ்சு வந்தா ஒம்பதாங்கிளாஸ் போறேன். வரலேன்னா எட்டுலேயே இன்னொரு வருசம் இருக்கேன். பள்ளிக்கூடத்துல பாஸ் போட்டாலும் நான் போக மாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம்ளா" என்று சண்முகவடிவு பதறினாள். ஏற்கனவே இரண்டு வருடத்தை நோய்க்குக் கொடுத்தாயிற்று, மூன்றாவதையும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பதுக்குப் போக, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனால் மகள் முகத்தில் அன்றைக்கு இருந்த பிடிவாதம் தன்னுடைய பிடிவாதம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிறுநீரகத்தோடு சேர்த்து அதையும் எடுத்து வைத்துவிட்டார்கள் போலும்.

கும்பகோணத்தில் இருந்து வந்த தங்கப்பாண்டி நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "பாத்திரக்கடைக்காரன் வீட்டுல இதுக்கா காரு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா தராசப் பாத்துச் சொல்லியிருப்பேனே." அவர் சொன்னது சரிதான். செம்பும் பித்தளையும் எடைக்குத்தான் விற்கும். அவருடைய தராசு நாள் முழுவதும் புள்ளி வைத்த எண்ணாகக் காட்டிக்கொண்டு இருக்கும். மறுநாள் சாயங்காலம் மகளைக் கடைக்கு வரவழைத்தார். ஒரு தூக்குவாளியை வைத்தார், 0.900 என்று காட்டியது. ஒரு பானையை வைத்தார், 0.850. "எது கனம்? கையில தூக்கிப் பாத்துச் சொல்லு."

அதற்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் அந்தக் கடை பள்ளிக்கூடமானது. கரண்டியையும் உருளியையும் தூக்கிப் பார்த்து எடை சொல்லுவாள், பிறகு தராசில் வைத்துச் சரிபார்ப்பாள். மூன்று கரண்டியில் ஒரு கரண்டி, எட்டுக் கிண்ணத்தில் ஐந்து கிண்ணம் என்று பின்னமும் அங்கேயே உருண்டது. வாங்க வந்தவர்கள் கையில் இருந்ததையும் பிடுங்கி எடை போட்டாள். ஒருவர் முகம் சுளித்தபோது தங்கப்பாண்டி, "பரீட்சை இருக்கு அண்ணாச்சி, செத்த பொறுங்க" என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் சீனித்தாய் டீச்சர் முக்கால் மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். சிவப்பு மையும் திரும்ப வந்தது. முத்துச்செல்வியின் நோட்டு ரத்தக்களறியாக இருந்தது. அதை அவள் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் சண்முகவடிவு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்த மூன்று மாதம் லேசான மாதங்களாக இல்லை. இரண்டு தடவை டீச்சரைப் போய்ப் பார்க்கலாமா என்று கால் கிளம்பியது. ஒரு தடவை அல்வாகூட வாங்கிவிட்டாள். வாங்கி வந்ததை வீட்டிலேயே வைத்து, குற்ற உணர்ச்சியோடு நான்கு நாளில் அவளே தின்று தீர்த்தாள். மாசி கடைசியில் பிள்ளைக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் மதுரையில் இருக்கும்படி ஆனது. இதைச் சொல்லிப் பரீட்சையைத் தள்ளிப்போடலாம், நாலு மார்க் கேட்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள் என்று மனம் குறுக்கு வழி போட்டது. முத்துச்செல்வி ஒரு கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் கணக்குப் போட்டாள். ஜெர்சன் வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு, "பாயிண்ட் தொண்ணூத்திரெண்டு. கூடியிருக்கா கொறஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

"எம்பத்தஞ்சுல இருந்து பாயிண்ட் சைபர் ஏழு கூடியிருக்கு. காய்ச்சல் விட்டதும் இறங்கிரும்" என்றாள் அவள், நோட்டில் இருந்து தலையைத் தூக்காமல்.

சித்திரையில் முழுப் பரீட்சை முடிந்தது. பேப்பர் கொடுக்கிற நாளில் பெற்றவர்களும் வரவேண்டும். தங்கப்பாண்டிக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று அவரைக் கடையிலேயே விட்டுவிட்டு, சண்முகவடிவு மட்டும் மகளோடு போனாள். ஸ்டாஃப் ரூமில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. டீச்சர் பேப்பரை எடுத்து நீட்டினார். நீட்டும்போது தாயின் முகத்தையும் பார்க்கவில்லை, மகளின் முகத்தையும் பார்க்கவில்லை.

முப்பத்துநான்கு.

சண்முகவடிவு நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு மார்க். ஒரே ஒரு மார்க். டாக்டர்கள் கேட்டபோது ஒரு சிறுநீரகத்தை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தவள் அவள். அன்றைக்குக் கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகவில்லை. இப்போது ஒரு மார்க் கேட்காமல் நிற்பதற்கு உடம்பில் உள்ள பலம் அத்தனையும் வேண்டியிருந்தது. போடுங்க டீச்சர் என்று தொண்டை வரைக்கும் வந்தது. மகள் அந்தக் காரில் சொன்ன வார்த்தை அதை அங்கேயே அமுக்கிப் பிடித்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

முத்துச்செல்வி பேப்பரைப் புரட்டிப் பக்கம் பக்கமாகக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். கூட்டலில் பிழை இல்லை. பத்தொன்பதில் இருந்து முப்பத்துநான்கு, ஒவ்வொரு மார்க்கும் அவளே வாங்கியது.

"மூணு மாசத்துல இவ்வளவு ஏறுனதே பெருசு தாயி" என்றார் டீச்சர் மெதுவாக. "அதுலயும் அஞ்சு நாளு ஆஸ்பத்திரியில கெடந்திருக்க."

"டீச்சர், வேற யாருக்கும் முப்பத்துநாலு வந்திருக்கா?"

"சங்கரபாண்டியனுக்கு வந்துச்சு."

"அவனுக்கு என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? ஒண்ணு போட்டு முப்பத்தஞ்சு ஆக்குனேன். முப்பத்துநாலுல ஒரு பிள்ளைய ஃபெயிலுன்னு எழுதுன பாவம் எனக்கு எதுக்கு? இருபது வருசமா எல்லாப் பிள்ளைக்கும் செய்யுததுதான்."

"பின்ன எனக்கு ஏன் போடல?"

"உனக்கு எப்படிளா போடுவேன்? இனி ஒரு மார்க்கு சும்மா போடக் கூடாதுன்னு சொன்னது நீதான. பேனாவ எடுத்தேன், எடுத்து எடுத்து வச்சுட்டேன்."

முத்துச்செல்வி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு யோசிப்பது போலவே யோசித்தாள்.

"சங்கரபாண்டியனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா டீச்சர்?"

"அவனுக்கு என்ன கேடு? ஆனைக்குட்டி மாதிரி இருக்கான். படிக்கத்தான் வலிக்கும்."

"அவங்க அம்மா வந்து உங்களப் பாத்தாங்களா?"

"ஒருத்தரும் வரல."

"அப்பம் எனக்கும் போடுங்க" என்றாள் முத்துச்செல்வி. "எல்லாருக்கும் போடுதது எனக்கும் வேணும்."

சீனித்தாய் டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பத்துநான்குக்குப் பக்கத்தில் ஒரு ஒன்று போட்டு, கூட்டி எழுதி, கையெழுத்தும் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சண்முகவடிவு பேசாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். இரண்டு வருடமாக ஊரில் உள்ள அத்தனை பேரும் அவள் மகளுக்கு எதையாவது கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், தாய் முதல் டீச்சர் வரை. இன்றைக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒன்றுக்கும் உதவாத ஒரு பையனுக்குக் கிடைத்த அதே ஒன்று. எழுபத்தெட்டும் எண்பத்தொன்றும் கொடுக்காத நிம்மதியை அது அவளுக்குக் கொடுத்தது.

வாசலில் சங்கரபாண்டியன் சைக்கிளில் காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஏளா, கணக்குல எத்தன?" என்று கேட்டான்.

"முப்பத்தஞ்சு. ஒனக்கு?"

"எனக்கும் அதேதான்" என்று பல்லைக் காட்டினான்.

இருவரும் சிரித்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தான். ஒன்பதாம் வகுப்புக்கு எந்த டீச்சர் வருவார் என்று இருவருக்கும் பேச்சு நீண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, சண்முகவடிவு மகளின் கையைப் பிடிக்காமல் பத்தடி பின்னால் நடந்தாள்.